அனுமதிப் பதிவேட்டைத் திறக்கச் சொல்வோம்: ஜெயமங்கலம் தோழர்களுக்கு ஓர் அறைகூவல்



ஜனவரி 26 நெருங்குகிறது. அன்றைக்குக் கிராமசபை. கொடியேற்றம் முடிந்து மிட்டாய் வாங்கிய கையோடு வருகைப் பதிவில் பெயரெழுதிவிட்டுக் கிளம்புவது தமிழ்நாட்டின் பல ஊர்களில் பழக்கமாகிவிட்டது. இந்த முறை ஜெயமங்கலத்தில் யாரும் அப்படிக் கிளம்பக் கூடாது. சபையில் நாம் ஒரு கேள்வி கேட்கப் போகிறோம். இந்த ஊராட்சி எல்லைக்குள் எந்தெந்தக் கட்டடத்துக்கும் மனைப்பிரிவுக்கும் அனுமதி கொடுத்திருக்கிறார்கள்? அனுமதி இல்லாமல் எழும்பியவை எவை? அவற்றின் மீது என்ன நடவடிக்கை? அந்தப் பட்டியல் சபை நடுவில் வாய்விட்டுப் படிக்கப்பட வேண்டும்.

"கூலிக்கும் நூறு நாள் வேலைக்கும் சண்டை போடவே நேரம் பத்தல, இதுல பிளான் அப்ரூவல் நமக்கெதுக்குத் தோழரே, அது மாடி வீட்டுக்காரன் பிரச்சினை" என்று நம்மிலேயே சிலர் சொல்கிறார்கள். அவர்களுக்குத்தான் முதலில் எழுதுகிறேன். மாடி வீட்டுக்காரருக்கு அனுமதி ஒரு பிரச்சினையே இல்லை. அவருக்கு இன்ஜினியர் உண்டு, வக்கீல் உண்டு, யாரைப் பார்க்க வேண்டுமோ அவரைப் பார்க்க ஆள் உண்டு. ஒன்றரை சென்ட் நத்தத்தில் தாத்தா கட்டிய ஓட்டு வீட்டைப் பிரித்துவிட்டு மகன் கல்யாணத்துக்குள் இரண்டு ரூம் போட நினைக்கிறவருக்குத்தான் இது பிரச்சினை. கடன் வாங்கி வானம் தோண்டிய பிறகு நோட்டீஸ் வருவது அவர் வீட்டுக்குத்தான்.

ஏன் இப்போதே என்று கேட்பீர்கள். 2019 டிசம்பரில் நாம் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த ஊராட்சி மன்றத்தின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்தது. தேனி உள்ளிட்ட, அப்போது தேர்தல் நடந்த 27 மாவட்டங்களிலும் இதே கதை. அதற்கு முன் 2016 அக்டோபரிலிருந்து மூன்றாண்டுக்கு மேல் தேர்தலே நடக்கவில்லை. கூட்டிப் பாருங்கள்: ஒன்பது ஆண்டுகளில் நாலாண்டுக்கும் மேலாக இந்த ஊருக்குத் தேர்ந்தெடுத்த தலைவரும் இல்லை, வார்டு உறுப்பினரும் இல்லை. தனி அலுவலர்தான் எல்லாம். அவர் கெட்டவர் என்று சொல்ல வரவில்லை. ஒன்றியத்தின் மற்ற ஊராட்சிகளும் அவர் தலையில்தான் விழுகின்றன. வார்டு உறுப்பினர் என்றால் டீக்கடையில் மடக்கிக் கேட்கலாம். தனி அலுவலரை எந்தக் கடையில் பிடிப்பது? இருக்கும் ஒரே வாசல் கிராமசபைதான். அதையும் விட்டுவிட்டால் நமக்கு வேறு இடமில்லை.

இந்தப் பூமியைப் பாருங்கள். பெரியகுளம், வடுகபட்டி, மேல்மங்கலம், ஜெயமங்கலம், குள்ளப்புரம் என்று வராகநதி இறங்கி வரும் வழியெல்லாம் நெல்லும் வாழையும் கரும்பும் கொடிக்காலும். சோத்துப்பாறை அணைத் தண்ணீரை நம்பிய வயல்கள். ஒரு வயலை மனையாக்கினால் அந்த ஒரு வயலோடு முடியாது. அதன் வழியாக அடுத்த வயலுக்குப் போகும் வாய்க்கால் முதலில் குழாயாகும், பிறகு சிமெண்ட் ரோடாகும், பிறகு வரைபடத்தில் மட்டும் இருக்கும். மழை வரும்போது தண்ணீர் பழைய வாய்க்காலைத் தேடி வரும். அது நுழைவது பெரும்பாலும் தாழ்வான தெருவில் இருக்கும் நம் வீடுகளுக்குள்தான்.

இதைத் தடுக்கச் சட்டம் இல்லையா? இருக்கிறது. நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 47-ஏ பிரிவும் அதன் கீழ் 2017-ல் வந்த விதிகளும், திட்டப் பகுதிக்கு வெளியே விளைநிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்ற முன் அனுமதி வேண்டும் என்கின்றன. நஞ்சை என்றால் மாவட்ட ஆட்சியரின் இசைவும் தேவை. 2019-ல் வந்த ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, 10,000 சதுர மீட்டருக்கு, அதாவது சுமார் இரண்டரை ஏக்கருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலை போக மீதியில் 10 சதவீதத்தைப் பூங்காவுக்கும் விளையாட்டுக்கும் நிலமாகவே உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். சாலைகளும் அப்படித்தான். அந்த நிலம் ஊருக்குச் சொந்தம். நம் பிள்ளைகள் கபடி ஆடலாம். ஆனால் ஊராட்சியிடம் எத்தனை தானப் பத்திரம் இருக்கிறது, எந்த சர்வே எண்ணில் எத்தனை சென்ட் என்று நம்மில் யாராவது கேட்டிருக்கிறோமா? கேட்காத பூங்காவைச் சுற்றித்தான் நாலு வருஷம் கழித்து யாரோ கம்பிவேலி போடுவார்கள்.

ஆவணம் கணினிக்குப் போய்விட்டது, இனித் தில்லுமுல்லு நடக்காது என்று நம்புகிற நல்ல மனசுக்காரர்களுக்கு நம் தாலுகாவிலேயே பாடம் இருக்கிறது. பெரியகுளம் தாலுகா வடவீரநாயக்கன்பட்டி முதலான ஊர்களில் 182 ஏக்கர் அரசு நிலம் தனியார் பெயருக்கு மாறிய விவகாரம் மறந்திருக்காது. வருவாய்த் துறை அலுவலர்கள் சஸ்பெண்ட் ஆனார்கள், வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது. மாறியது பேனாவால் அல்ல, கணினிப் பதிவில். ஊர்க்காரன் கண் விழித்திருந்தால்தான் கணினியும் ஒழுங்காக இருக்கும்.

இனி நம் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், படிக்காத பெரியவர்களுக்குப் படித்துச் சொல்லுங்கள்.

2024 ஜூலை 22 முதல் தமிழ்நாட்டில் சுயசான்று முறை நடப்பில் இருக்கிறது. 2,500 சதுர அடிக்கு உட்பட்ட மனையில் 3,500 சதுர அடிக்குள் தரைத்தளமோ அதற்கு மேல் ஒரு மாடியோ கட்டினால் ஒற்றைச் சாளர இணையதளத்தில் விண்ணப்பித்து, கட்டணம் கட்டி, அப்போதே அனுமதியை இறக்கிக்கொள்ளலாம். கிராம ஊராட்சிக்கும் இது பொருந்தும். முன்கூட்டிய கள ஆய்வு இல்லை. கட்டி முடித்த சான்றும் தேவையில்லை. நம் ஊர்த் தொழிலாளி கட்டுகிற வீடு எதுவும் இந்த அளவைத் தாண்டப் போவதில்லை. அப்படியென்றால் இடையில் நின்று கை நீட்டுகிறவருக்கு வேலையே இல்லை. வீட்டு வரைபட அனுமதிக்கு லஞ்சம் வாங்கியதாக ஊராட்சித் தலைவர்களும் செயலர்களும் லஞ்ச ஒழிப்புப் போலீசிடம் பிடிபட்ட செய்திகள் தமிழ்நாட்டில் புதிதல்ல. இனி ரசீது இல்லாத பணம் ஒரு ரூபாய்கூட நம் கையிலிருந்து போகக் கூடாது. இதை இயக்கத்தின் முடிவாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் இந்த வசதிக்குள் ஒரு பொறி இருக்கிறது. சான்றளிப்பது நாம். இ-சேவை மையத்திலோ புரோக்கர் வீட்டிலோ யாரோ தட்டச்சு செய்து, நம் செல்போனுக்கு வந்த ஓ.டி.பி.யை வாங்கிப் போட்டு முடித்துவிடுவார்கள். இடத்துக்கு முன் ரோடு இத்தனை அடி, பக்கவாட்டில் இத்தனை இடம் விட்டிருக்கிறோம், இது ஓடைப் புறம்போக்கு அல்ல என்று அதில் எழுதியிருக்கும். அதில் ஒன்று பொய்யானாலும் அனுமதி ரத்தாகும், பொறுப்பு நம் தலையில். ஒன்பது மீட்டருக்குள் அகலமுள்ள சாலையை ஒட்டிய வீட்டுக்கு முன்பக்கம் ஒன்றரை மீட்டர் விட வேண்டும் என்பது விதி. நம் தெருக்களில் எத்தனை வீட்டில் அந்த ஒன்றரை மீட்டர் இருக்கிறது? குறுகலான பழைய தெருவுக்கும் புதிய மனைப்பிரிவுக்கும் ஒரே அளவுகோலா என்பது நியாயமான கேள்வி. அதைச் சபையில் தீர்மானமாகப் போட்டு அரசுக்கு அனுப்ப வேண்டும். அதுவரை விண்ணப்பத்தில் பொய் எழுதித் தப்பிக்கப் பார்க்காதீர்கள். பொய் எழுதிய காகிதம் எதிராளி கைக்குப் போனால் அதுவே நம்மை மிரட்டும் ஆயுதமாகிவிடும்.

அதைவிடப் பெரிய முட்டுக்கட்டை பட்டா. தாத்தா பெயரில் நத்தம் பட்டா, அப்பா காலத்தில் வாய்மொழிப் பாகப்பிரிவினை, இப்போது மூன்று பேரன்களுக்கு ஒரே கூட்டுப் பட்டா. உட்பிரிவு செய்யச் சர்வேயர் வர வேண்டும், அவர் வருகிற நாள் யாருக்கும் தெரியாது. இணையதளம் உடனே அனுமதி தருகிறது என்று சொல்லிவிட்டு, அந்த இணையதளம் கேட்கும் பட்டாவுக்காக மாதக்கணக்கில் தாலுகா ஆபீஸ் வாசலில் நிற்க வைத்தால் அந்த வேகத்தால் யாருக்கு லாபம்? அப்ரூவ்டு மனை வாங்கியவருக்குத்தான். ஆகவே ஜெயமங்கலத்திலேயே நத்தம் பட்டாவுக்கும் உட்பிரிவுக்கும் முகாம் போட வேண்டும், தாசில்தாரும் சர்வேயரும் உட்கார வேண்டும் என்பது நம் இரண்டாவது தீர்மானம். தோழர் ஒருவர் இதுதான் முதல் தீர்மானமாக இருக்க வேண்டும் என்று வாதாடினார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது, வரிசையைச் சபையில் முடிவு செய்துகொள்ளலாம்.

கட்டடத் தொழிலாளித் தோழர்களே, உங்களுக்குத் தனியாக. அனுமதி கேட்டால் மேஸ்திரிக்குக் கோபம் வரும், வேலை போய்விடும் என்ற பயம் எனக்குத் தெரியும். ஆனாலும் கேளுங்கள். வரைபட அனுமதி வாங்கும்போதுதான் கட்டடச் செலவில் ஒரு சதவீதம் நல வரி வசூலாகி உங்கள் நலவாரியத்துக்குப் போகிறது. திருட்டுத்தனமாக எழும்பும் ஒவ்வொரு மண்டபமும் காம்ப்ளக்சும் உங்கள் பிள்ளையின் கல்வி உதவியிலிருந்தும் விபத்து உதவியிலிருந்தும் திருடி எழும்புகிறது. போதாக்குறைக்கு 2025 நவம்பர் 21 முதல் ஒன்றிய அரசு சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பை நடைமுறைக்குக் கொண்டுவந்துவிட்டது. சொந்தக் குடியிருப்புக்கு 10 லட்சம் ரூபாய் வரை இருந்த நல வரி விலக்கு 50 லட்சமாகிவிட்டது. பெரிய வீடு கட்டுகிறவருக்குச் சலுகை, வாரியத்துக்கு நஷ்டம். மிச்சமிருக்கும் வணிகக் கட்டடங்களின் வரியையாவது கணக்குப் பார்த்து வாங்க வேண்டாமா? கட்டுமானம் நடக்கும் இடத்தில் ஒப்புதல் பெற்ற வரைபடத்தை மாட்டி வைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பர் 17-ல் உத்தரவிட்டிருக்கிறது. சாரம் கட்டும் முன் அந்த வரைபடம் எங்கே என்று கேட்பது உங்கள் உரிமை.

உயிருக்கும் இது தொடர்புடையது. மேட்டுப்பாளையம் நடூரை நினைத்துப் பாருங்கள். 2019 டிசம்பர் 2, விடியாத நேரம், மழை. சுமார் இருபதடி உயரச் சுற்றுச்சுவர் ஒன்று பக்கத்திலிருந்த தலித் மக்களின் வீடுகள் மேல் சாய்ந்தது. 17 பேர் செத்தார்கள், பெண்களும் குழந்தைகளும் தூக்கத்திலேயே. அந்தச் சுவரைப் பற்றி அம்மக்கள் முன்பே முறையிட்டிருந்தார்கள். ஒரு தனி மனிதர் தன் வீட்டைச் சுற்றி எழுப்பிய சுவரை, அது எந்த அளவில் எந்த அஸ்திவாரத்தில் நிற்கிறது என்று பார்க்க வேண்டியவர்கள் பார்த்திருந்தால் அந்த 17 பேரும் இன்றைக்கு இருப்பார்கள். நம் ஊரிலும் காலனியை ஒட்டி உயரமாக நிற்கும் மதில்கள், ஈரம் ஊறிய பழைய சுவர்கள் உண்டா என்று இந்த வாரமே சுற்றி வந்து எழுதிக் கொண்டுவாருங்கள்.

அனுமதிக் காகிதம் மட்டும் போதும் என்றும் நினைக்க வேண்டாம். சென்னை மவுலிவாக்கத்தில் 2014 ஜூன் 28-ல் சரிந்து 61 பேரை விழுங்கிய பதினோரு மாடிக் கட்டடத்துக்கு அனுமதி இருந்தது. செத்தவர்களில் பெரும்பாலோர் கூலி வேலைக்கு வந்த கட்டடத் தொழிலாளிகள். அனுமதி கொடுத்தவர் அதன் பிறகு அங்கே போய்ப் பார்த்தாரா என்பதையும் நாம்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

இப்போது கசப்பான பகுதி. ஓடையோரத்திலும் வாய்க்கால் கரையிலும் நம் ஆட்களின் வீடுகளும் இருக்கின்றன. இதை மறைத்துவிட்டுச் சபைக்குப் போனால் எதிராளி முதல் வரியிலேயே நம் வாயை அடைத்துவிடுவான். ஆகவே நாமே சொல்வோம். போக்கிடம் இல்லாமல் குடிசை போட்டவர் ஒருவர், நாலு ஏக்கர் வைத்துக்கொண்டு வாய்க்காலை வளைத்து காம்பவுண்ட் போட்டவர் இன்னொருவர். இருவரையும் ஒரே தட்டில் வைக்கச் சம்மதிக்க மாட்டோம். குடிசைக்காரருக்கு மாற்று மனையும் பட்டாவும் கையில் கொடுத்த பிறகுதான் அவர் வீட்டில் கை வைக்க வேண்டும். காம்பவுண்ட் நாளைக்கே போக வேண்டும். அதேபோல, ஏழையின் குடிசையைக் காட்டி "அவன எடுத்தா நானும் எடுக்குறேன்" என்று பின்னால் ஒளிந்துகொள்கிற பெரிய ஆக்கிரமிப்பாளருக்குக் கொடி பிடிக்கும் வேலையை இன்றோடு விட்டுவிட வேண்டும். அதைச் செய்தவர்கள் நம்மிலும் இருக்கிறார்கள். பெயர் சொல்லவில்லை.

நோட்டீஸ் வந்தால் கதிகலங்க வேண்டாம். 2024 நவம்பர் 13-ல் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் பி.ஆர்.கவாய், கே.வி.விஸ்வநாதன் அமர்வு கொடுத்த தீர்ப்பின்படி, 15 நாள் அவகாசத்தோடு முன் அறிவிப்பு பதிவுத் தபாலில் வர வேண்டும், வீட்டிலும் ஒட்ட வேண்டும். நேரில் விசாரிக்க வேண்டும். இறுதி உத்தரவுக்குப் பிறகும் 15 நாள் விட வேண்டும். இடிப்பதை வீடியோ எடுக்க வேண்டும். மீறினால் அதிகாரி தன் சொந்தப் பணத்தில் ஈடுகட்ட வேண்டியிருக்கும். சாலை, நீர்நிலை போன்ற பொது இடங்களில் கட்டியவற்றுக்கு இந்தப் பாதுகாப்பு பொருந்தாது என்பதையும் அதே தீர்ப்பு சொல்கிறது. ஆகவே ஓடையோரத்தில் இருப்பவர்கள் மாற்று மனைக் கோரிக்கையை முன்கூட்டியே எழுதிக் கொடுத்து ரசீது வாங்கி வையுங்கள்.

"எப்படியும் அரசாங்கம் வரன்முறைப்படுத்தும், அப்பப் பார்த்துக்கலாம்" என்பது இன்னொரு பேச்சு. 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளின் பத்திரப் பதிவுக்குத் தடை போட்டது. 2017-ல் அரசு விதிகள் கொண்டுவந்து, 2016 அக்டோபர் 20-க்கு முந்தைய மனைப்பிரிவுகளை வரன்முறைப்படுத்த வழிவிட்டது. விற்றவர் காசு பார்த்துவிட்டுப் போய்விட்டார். வரன்முறைக் கட்டணம் கட்டியது வாங்கிய ஏழை. துருக்கியில் 2018-ல் அரசு இப்படித்தான் விதிமீறிய கட்டடங்களுக்குப் பணம் வாங்கிக்கொண்டு மன்னிப்பு வழங்கியது. 2023 பிப்ரவரி 6 நிலநடுக்கத்தில் அந்நாட்டில் 50,000-க்கும் மேற்பட்டோர் இறந்தபோது அந்த மன்னிப்பைப் பற்றித்தான் ஊரெல்லாம் பேச்சு.

வேலை நிறைய இருக்கிறது, நாள் குறைவு. மக்கள்தொகை 3,001 முதல் 10,000 வரை உள்ள ஊராட்சியின் கிராமசபைக்கு 200 பேர் வந்தால்தான் கோரம். பத்தாயிரத்தைத் தாண்டினால் 300. கோரமில்லை என்று கலைத்துவிட வாய்ப்பே கொடுக்கக் கூடாது, முந்நூறு பேரை நாமே கூட்டி வருவோம். தெருவுக்கு இருவர் என்று பிரிந்து வீடு வீடாகப் போங்கள். நோட்டீஸ் வந்தவர்கள், அனுமதிக்கு விண்ணப்பித்துக் காத்திருப்பவர்கள், வீட்டு வரி கட்டியும் ரசீது கிடைக்காதவர்கள் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். தானப் பத்திரம், அனுமதிப் பட்டியல் ஆகியவற்றின் நகல் கேட்டுத் தகவல் உரிமைச் சட்டத்தில் இன்றைக்கே மனுப் போடுங்கள். பத்து ரூபாய்தான், முப்பது நாளில் பதில் தர வேண்டும். சபைக்குள் பதில் வராவிட்டாலும் மனுப் போட்ட ஒப்புகைச் சீட்டைக் காட்டிப் பேசலாம். சபையில் குரல் உயரட்டும், வார்த்தை தவற வேண்டாம். தனி அலுவலரையோ ஊராட்சிச் செயலரையோ தனிப்பட ஏசினால் கூட்டம் அதோடு முடிந்துவிடும், அதைத்தான் சிலர் எதிர்பார்க்கிறார்கள். தீர்மானம் எழுதி முடித்து, வாசித்துக் காட்டிய பிறகே கையெழுத்து. வெற்றுத் தாளில் ஒருவரும் கை வைக்காதீர்கள்.

காட்டு வேலைக்குப் போகிறவர்கள் அன்று ஒரு பொழுது கூலியை விட்டுவிட்டு வாருங்கள். பெண்கள் முன்வரிசையில் உட்காருங்கள், வீடு ஒழுகுவதும் ஓடைத் தண்ணீர் அடுப்படிக்குள் வருவதும் உங்களுக்குத்தான் முதலில் தெரியும். வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகளுக்குப் போன் போடுங்கள், விடுமுறை நாள்தானே, வரச் சொல்லுங்கள். பட்டா நகல், வரி ரசீது, வந்த நோட்டீஸ் எது இருந்தாலும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஜனவரி 26, ஜெயமங்கலம் கிராமசபை. பதிவேடு படிக்கப்படும்வரை எழுந்து போகாதீர்கள், தோழர்களே.